இரத்தக்குழாய் அழற்சியால் பாதம் தொங்கிப்போகுமா?

ஆஸ்துமா உள்ள அக்காவுக்குத் திடீரென ஒரு பாதம் தொங்கிவிட்டது, இரத்தக்குழாய் அழற்சி என்கிறார்கள், நரம்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

நரம்புக்கும் இரத்தம் வேண்டுமே. அதைக் கொண்டுவரும் நுண்குழாய்களின் சுவர் வீங்கி அடைபட்டால் நரம்பு செயலிழக்கிறது. சர்க்கரை நோயில் பெரும்பாலும் இரண்டு பாதமும் ஒன்றுபோல மெல்ல மரத்துப்போகும். இதிலோ இன்று வலது பாதம், அப்புறம் இடது கை என்று தாறுமாறாக, பெரும்பாலும் கடும் வலியோடு வரும். ஆஸ்துமாவோடு இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வகை வெள்ளையணுக்களும் கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

உறுதிசெய்ய, கணுக்காலருகே சூரல் நரம்பில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். அந்த இடம் மரத்துப்போகலாம். சிகிச்சை கடுமையானது என்பதால் பார்த்துவிடுவதே மேல். முதலில் ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு அல்லது ரிட்டுக்ஸிமாப் மருந்து. பாதத்தின் பலம் திரும்ப மாதக்கணக்காகும். நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும்.