நீலகிரியில் மரங்களை வெட்டிவிட்டுப் புல்லை வளர்ப்பது ஏன்?

வெட்டப்படுபவை சீகை (வாட்டில் மரம்), பைன் போன்ற அயல் மரங்கள். நீலகிரியின் உயரமான பகுதிகளுக்கு இயல்பானது சோலைப் புல்வெளி: பள்ளங்களில் குட்டையான அடர்காடு, சரிவுகளில் புல். உறைபனி விழும் திறந்த சரிவில் சோலை மரக்கன்றுகள் பிழைப்பது அரிது. ஆங்கிலேயர் இந்தப் புல்வெளியைத் தரிசு என்று எண்ணி, 19ஆம் நூற்றாண்டிலிருந்து அயல் மரங்களை நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அதையே செய்தோம், இன்னும் வேகமாக!

புல்வெளி மண் ஈரச் சாக்கைப் போன்றது. மழையை வாங்கி வைத்துக்கொண்டு ஓடைகளுக்கு மெல்லக் கசியவிடும். வேகமாக வளரும் மரங்களோ அந்த நீரை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடுகின்றன. வரையாடுகளின் மேய்ச்சலும் போய்விடுகிறது.

சீகையை வெட்டினால் புல் தானாகத் திரும்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடப்பதால், முளைக்கும் கன்றுகளைத் தொடர்ந்து பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நட வேண்டியிருக்கிறது.