டியூனிங் பாக்ஸ் வாங்கும் முன் டயரைப் பாருங்கள்

நண்பரே, உங்கள் டீசல் வண்டியில் 245/70 ஆர்16 அளவு டயரைக் கழற்றிவிட்டு 265/75 ஆர்16 அளவு டயர் போட்டபிறகு வண்டி மேட்டில் திணறுகிறது, அதனால் டியூனிங் பாக்ஸும் (இன்ஜின் இழுவையைக் கூட்டும் மின்னணுப் பெட்டி) கோன் ஃபில்டரும் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

புது டயரின் விட்டம் சுமார் 7 சதவீதம் அதிகம். எல்லா கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிட்டது, அதாவது ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை குறைந்துவிட்டது, டயரின் எடையும் கூடியிருக்கும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது பழைய டயரில் ஓடியதைவிட 5, 6 கிலோமீட்டர் வேகமாக ஓடுகிறீர்கள். ஓடிய தூரமும் மீட்டரில் குறைவாகவே பதிவாகும், மைலேஜ் குறைந்ததாகத் தெரிவதில் இதற்கும் பங்கு உண்டு.

அப்புறம், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவிப் பாருங்கள். என் வண்டியில் கிளாம்ப் ஓரத்தில் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, அடியில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஹோஸை மாற்றியதும் இழுவை திரும்பி வந்தது. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள்.

மூடாத கோன் ஃபில்டர் இன்ஜின் அறையின் சூட்டுக்காற்றைத்தான் உறிஞ்சும். ரெயில் பிரஷர் சென்சாரை (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தத்தை அளப்பது) ஏமாற்றி டீசலைக் கூட்டுகிற பாக்ஸ் என்றால் இழுவை கூடும், உண்மைதான். ஆனால் புகையும் சூடும் சேர்ந்தே கூடும், கிளட்ச் முதலில் அடிவாங்கும். தினமும் வேலைக்குப் போகிற வண்டி, பழைய அளவு டயருக்கே திரும்பிவிடுங்கள்.