கழற்றிய கேரியரைத் திரும்ப மாட்டுங்கள்

கேள்வி: நான்கு மாதமாக சைக்கிளில் அலுவலகம் போகிறேன். 12 கிலோமீட்டர் தூரம், 45 நிமிடம் ஆகிறது. என்னதான் மிதித்தாலும் செயலியில் சராசரி வேகம் 16-ஐத் தாண்டவில்லை. பாதி வழியிலேயே தொடை எரிகிறது, முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. எடையைக் குறைக்க கேரியரைக்கூடக் கழற்றிவிட்டேன் (முன்பு ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளியில் விடுவேன், இப்போது என் அப்பா நடத்திக் கூட்டிப்போகிறார்). வேகமும் தாக்குப்பிடிக்கும் திறனும் கூட என்ன செய்வது? கார்பன் சைக்கிள் வாங்கலாமா?

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவிட்டீர்களே, அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கேரியர் ஒரு கிலோ இருக்கும். நீங்கள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்தால் எப்படியும் 90 கிலோ. அதில் ஒரு கிலோ குறைந்ததால் சமதளத்தில் உங்களுக்கு மிச்சமானது சில நொடிகள். அந்த நொடிகளுக்காக உங்கள் அப்பா தினமும் பள்ளிக்கு நடந்து போய்த் திரும்புகிறார். உங்கள் முட்டி வலி கடிதத்தில் இருக்கிறது. அவருடைய முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளையைப் பள்ளியில் விடுவது தகப்பன் வேலை. தாத்தா ஆசைப்பட்டுச் செய்தால் அது வேறு. செயலியில் ஓர் எண் ஏறுவதற்காக அதை அவர் தலையில் கட்டுவது தவறு.

சைக்கிள் கணக்கிலும் உங்களுக்கு நஷ்டம்தான். மகளோடு பள்ளிவரை நிதானமாகப் போன அந்த நேரத்தில்தான் உடம்பு சூடேறியது. பின்னால் 20 கிலோ இருக்கும்போது மிதிக்க லேசான சின்ன கியரில் கிளம்புவீர்கள், சீராக மிதிப்பீர்கள், முன்கூட்டியே பிரேக் பிடிப்பீர்கள். நகரத்தில் சைக்கிள் ஓட்டப் புதிதாக வருகிறவர் பழக வேண்டியதே இவைதான். இப்போது வாசலிலிருந்தே முழு மூச்சாக மிதிக்கிறீர்கள். பாதி வழியில் தொடை எரியாமல் என்ன செய்யும்?

கேரியரை மாட்டும்போது அதில் பொறித்திருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். பல கேரியர்களுக்கு அது 25 கிலோ. மகளின் கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், கால் ஸ்போக் கம்பிக்குள் போகாதபடி சக்கரத்துக்குத் தடுப்பு, தலைக்கு ஹெல்மெட், மூன்றும் இல்லாமல் ஏற்றாதீர்கள்.

அந்த 16 என்ற எண்ணையும் பிரித்துப் பாருங்கள். 45 நிமிடத்தில் 9 நிமிடம் சிக்னலில் நின்றிருந்தால், ஓடிய நேரம் 36 நிமிடம். அதாவது ஓடும்போது உங்கள் வேகம் 20. அதை 22 ஆக்கினால் மிச்சமாவது மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். செயலியில் ஓடும் நேரத்தின் சராசரியை மட்டும் பாருங்கள். இல்லையென்றால் சிவப்பு விளக்கைத் தாண்டத் தோன்றும். வீட்டில் குழந்தை இருக்கிறவர் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக்கூடாது.

முட்டியின் முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: சீட் தாழ்வு, கியர் பெரிது. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் முழுக்க நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டியில் லேசான மடிப்பு மிஞ்சும், அதுதான் சரியான உயரம். இடுப்பு இருபக்கமும் ஆடினால் உயர்த்தியது அதிகம். சீட்டை ஒரேயடியாக ஏற்றாமல் அரை சென்டிமீட்டராக ஏற்றுங்கள்.

அடுத்து, வலது முட்டி மேலே வருவதை 15 நொடி எண்ணுங்கள். 20 வந்தால் நிமிடத்துக்கு 80 சுற்று, நல்லது. 13, 14 என்றால் கனத்த கியரில் முட்டியை நசுக்குகிறீர்கள். இரண்டு கியர் இறக்குங்கள். சிக்னலில் நின்ற பிறகு கியர் மாற்ற வராது, செயின் ஓடினால்தான் மாறும். அதனால் நிற்பதற்குப் பத்து மீட்டர் முன்பே மிதித்தபடி இறக்கிவிடுங்கள்.

எடையைவிட வேகத்தைத் தின்பது காற்றிறங்கிய டயர். அழுத்த வரம்பு டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும். 35 மில்லிமீட்டர் டயரும் உங்கள் எடை 75 கிலோ அளவும் என்றால் முன்னால் 45, பின்னால் 55 பிஎஸ்ஐ போதும். மகள் ஏறும்போது பின்னால் இன்னும் ஐந்து முதல் பத்து கூட்டலாம், அச்சிட்ட வரம்பைத் தாண்டாமல். டியூபில் காற்று தானாகவே கசியும், வாரம் ஒருமுறை பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் கட்டை உரசுகிறதா என்றும் கவனியுங்கள்.

வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால் எதிரி, முன்னால் வந்து மோதும் காற்றுதான். 20-லிருந்து 25-க்குப் போக, காற்றைக் கிழிக்க மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும். முழங்கையை மடக்கி மார்பைத் தாழ்த்தினால் காசில்லாமல் கிடைக்கும் லாபம் அது.

பயிற்சியை தினமும் போட்டியாக்காதீர்கள். வாரத்தில் நான்கு நாள், முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓட்டுங்கள். தாக்குப்பிடிக்கும் திறன் அங்கேதான் வளரும். ஒரு நாள் மட்டும், குறுக்குச் சாலையும் சிக்னலும் இல்லாத இடத்தில் மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் நிதானம் என நான்கு முறை. முட்டி வலி தீர்ந்த பிறகுதான் இது. விடுமுறை நாளில் 25 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் இரண்டு, மூன்று கிலோமீட்டர் கூட்டுங்கள். நான்காவது வாரம் குறையுங்கள். வீட்டார் எழுவதற்குள் கிளம்பித் திரும்பிவிடுங்கள், அந்த நாள் அவர்களுடையது.

இதையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்தில் முட்டி வலி குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கார்பன் சைக்கிள் வேண்டாம். பந்தய கார்பன் சைக்கிள் ஃபிரேம்கள் பலவற்றில் கேரியர் மாட்டத் துளையே இருக்காது.