முத்திரையைக் கழற்ற வேண்டாம், உறையோடு வையுங்கள்

கேள்வி: கொக்குவிலில் எங்கள் பழைய வீட்டைத் திருத்தியபோது மாமனாரின் றங்குப்பெட்டிக்குள் ஒரு பிஸ்கட் பேணி கிடைத்தது. மலாயா, லண்டன், ஜேர்மனி, நோர்வே என்று பல இடங்களிலிருந்து வந்த கடித உறைகள், நீல நிற விமானக் கடிதங்கள், சில பழைய படத் தபாலட்டைகள் அதில் இருக்கின்றன. தரம் 7 படிக்கும் மகள் முத்திரைகளைக் கழற்றி அல்பத்தில் ஒட்ட ஆசைப்படுகிறாள். தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றலாமா? மாரி காலத்தில் எப்படிப் பாதுகாப்பது? இவற்றுக்கு விலை ஏதும் உண்டா? மகள் தொடர்ந்து உலக நாடுகளின் முத்திரைகளும் தபாலட்டைகளும் சேர்க்க வழி என்ன?
– வாசகி, கொக்குவில்

பதில்: முதலில் கத்தரிக்கோலையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் அப்பால் வையுங்கள். கழற்றிய முத்திரையை மீண்டும் உறையில் பழையபடி பொருத்த முடியாது. மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாக முடிவு செய்யலாம்.

இலட்சக்கணக்கில் அச்சான ஒரு முத்திரை தனியாக இருந்தால் அது அந்த இலட்சத்தில் ஒன்று, அவ்வளவுதான். அதே முத்திரை ஓர் உறையில் ஒட்டப்பட்டு, அதன்மேல் புறப்பட்ட தபாலகத்தின் வட்ட முத்திரை விழுந்து, கொக்குவில் முகவரி எழுதப்பட்டு, பின்புறத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த திகதியும் குத்தப்பட்டிருந்தால், அப்படி ஒன்று உலகத்தில் வேறெங்கும் இல்லை. எந்த ஊரில், எந்த நாளில், என்ன கட்டணத்தில் புறப்பட்டது, வந்து சேர எத்தனை நாள் பிடித்தது என்பதையெல்லாம் அந்த உறை சொல்லும். அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் முத்திரையைவிட முழு உறையைத் தேடுவது இதனால்தான்.

உங்கள் பேணியில் என்னை முதலில் இழுப்பவை மலாயா உறைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் எழுதுவினைஞர்களாகக் கப்பல் ஏறினார்கள். அவர்கள் எழுதிய கடிதங்களில் பாயும் புலி படம் போட்ட முத்திரை இருந்தால், அது மலாயக் கூட்டு நாடுகளுடையது. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலைக்கு மேல் ‘பி.எம்.ஏ.’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ‘மலாயா’ என்ற சொல்லும் பின்னர் அச்சிடப்பட்டிருந்தால், அதை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். 1945இல் ஜப்பானியர் சரணடைந்த பிறகு அங்கே வந்த பிரித்தானிய இராணுவ நிருவாகம் பழைய முத்திரைகளின் மேல் தன் பெயரை அடித்து விற்றது. மலாயா ஜப்பானியர் வசம் இருந்த காலத்தில் அங்கிருந்து இங்கே வழக்கமான தபால் வரவில்லை. ஆகவே 1945, 1946 திகதியோடு அப்படி ஓர் உறை இருந்தால், ஆண்டுக்கணக்கில் செய்தியே இல்லாமல் காத்திருந்த வீட்டுக்கு ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று வந்த முதல் கடிதமாக அது இருக்கக்கூடும். அதிலிருந்து முத்திரையை மட்டும் உரித்தெடுக்க யாருக்கு மனம் வரும்?

‘2602’ என்ற எண் அடித்த மலாய முத்திரை கிடைத்தால் குழம்ப வேண்டாம். அது ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக் கணக்கு, நமக்கு 1942.

ஜேர்மன் உறைகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘டொய்ச்ச புண்டஸ்போஸ்ட்’ என்பதோடு ‘பேர்லின்’ என்றும் இருந்தால், அது மேற்குப் பேர்லினுக்கென்றே வெளியான முத்திரை. 1990 வரை அந்த நகரத்துக்குத் தனி முத்திரை இருந்தது. 1980களில் நம்மவர்களில் பலர் கிழக்குப் பேர்லினில் விமானத்தால் இறங்கி, மேற்குப் பக்கம் கடந்து அகதி விண்ணப்பம் கொடுத்தார்கள். உங்கள் உறவினர் எந்த வழியால் ஐரோப்பாவுக்குள் போனார் என்பதற்கு அந்தச் சிறு காகிதமே சாட்சியாக இருக்கலாம்.

1981இல் பொது நூலகத்தை நெருப்புக்குக் கொடுத்த ஊர் இது. 1995 ஒக்டோபரில் குடாநாட்டின் வலிகாமமே வெளியேறியபோது கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு நடந்தோம். கடிதக் கட்டுகளை எடுத்தவர்கள் குறைவு. அதையெல்லாம் தாண்டி ஒரு பேணி நிறைய உறைகள் தப்பியிருக்கின்றன என்றால், அதற்குத் தருகிற மரியாதை கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும்.

இனி மகளின் ஆசை. அவளுக்கு ஊறவைத்துப் பழக ஏதாவது வேண்டும், நியாயம்தான். அண்மைக் காலத்தில் வந்த வங்கி, கம்பனி உறைகள், கிழிந்து அழுக்கான உறைகள் ஆகியவற்றை அவளிடம் கொடுங்கள். முத்திரையைச் சுற்றி ஒரு விரல் அகலம் காகிதம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த அல்லது இளஞ்சூடான தண்ணீர் போதும், கொதிநீர் வேண்டாம். கால் மணி நேரத்தில் முத்திரை தானாகவே காகிதத்தை விட்டு நழுவும். நழுவாவிட்டால் இன்னும் பொறுத்திருக்க வேண்டும். நகத்தால் கிள்ளினால் பின்பக்கம் மெலிந்துவிடும், அந்த மெலிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் யாரும் காண்பார்கள். முதுகில் விரல் வைத்தால் வழுவழுப்பு இருக்கிறதா? பசை இன்னும் போகவில்லை. புதுத் தண்ணீரில் ஒருமுறை அலச வேண்டும். பிறகு அச்சில்லாத வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் காயவைத்து, அரைகுறை ஈரம் இருக்கும்போதே தடித்த புத்தகத்துக்குள் ஓரிரவு வைத்தால் சுருளாமல் வரும்.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. சிவப்பு, பச்சை உறைகளைத் தனித்தனியாக ஊறவையுங்கள். சாயம் இறங்கிப் பக்கத்து முத்திரையையும் கறைப்படுத்தும். தானாக ஒட்டும் ஸ்டிக்கர் வகை முத்திரைகளில் பல தண்ணீருக்கு விட்டுக்கொடுக்கா. அவற்றை ஓரம் விட்டு வெட்டி அப்படியே வையுங்கள். ஏழாம் எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் காலத்துக் குடியேற்ற நாட்டு முத்திரைகளில், குறிப்பாக ஊதாவும் பச்சையும் உள்ளவற்றில், யாரும் கழுவி மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதற்காகவே கரையும் மை போட்டார்கள். அவற்றின் மேல் தண்ணீர் படவே கூடாது.

காய்ந்த முத்திரையைக் கையால் எடுக்காமல், தட்டையான நுனியுள்ள சாமணத்தால் எடுக்கப் பழக்குங்கள். விரலின் எண்ணெய் இன்று தெரியாது, சில ஆண்டுகளில் பழுப்பாகத் தெரியும். அல்பத்தில் பசை பூசி ஒட்டுவது அறவே வேண்டாம். செருகி வைக்கும் பட்டிகள் கொண்ட முத்திரை அல்பம்தான் தேவை.

பாதுகாப்பு விஷயத்தில் நமக்கு எதிரிகள் பலர்: மாரியின் ஈரம், கடற்காற்றின் உப்பு, கறையான், இராமபாணப் பூச்சி. அந்தப் பிஸ்கட் பேணியே பெரிய எதிரி. தகரம் துருப்பிடித்தால் கறை காகிதத்துக்கு இறங்கும். ஊசி, கிளிப், ஸ்டேப்பிள் கம்பி எதுவும் கடிதத்தில் இருந்தால் பொறுமையாகக் கழற்றுங்கள். செலோடேப் ஒட்டுவதும் லமினேட் செய்வதும் ஆவணத்தை அழிப்பதற்குச் சமம். உறைகளைப் பொலிப்புரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் கவர்களில் ஒவ்வொன்றாக இடுங்கள். புதுப் பிளாஸ்டிக் நாற்றம் வீசும் மெதுமெதுப்பான பீ.வீ.சீ. கவர் மலிவாகக் கிடைக்கும். அது நாளடைவில் மையை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் பசையும் மேலே ஒட்டும் தாளும் உள்ள பழைய போட்டோ அல்பங்களும் அப்படித்தான்.

அல்பங்களை அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பாரம் ஏறினால், பயன்படுத்தாத முத்திரையின் பசை மாரி ஈரத்தில் பக்கத்தோடு ஒட்டிவிடும். வெளிச்சுவரோடு சேர்ந்த அலுமாரியையும் கீழ்த் தட்டையும் தவிருங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் சேர்த்து, அலுமாரிக்குள் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். பூச்சி உருண்டையின் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். அதை அல்பத்தின் அருகே வைக்க வேண்டாம். காய்ந்த வேப்பிலை வைக்கும் நம் வழக்கம் அலுமாரியின் மூலைக்குச் சரி, பக்கங்களுக்கு இடையே வைத்தால் கறை படியும். மாரி முடிந்து வெயில் ஏறும்போது, காற்றோட்டமுள்ள நிழலில் ஒருநாள் பக்கங்களை விரித்து வையுங்கள். நேர் வெயில் நிறத்தைத் தின்றுவிடும். காகிதத்தில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அந்த உறையை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

விலையைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். வயது மட்டும் விலையைத் தருவதில்லை. 1840இல் பிரித்தானியா வெளியிட்ட உலகின் முதல் முத்திரையான ‘பென்னி பிளாக்’கூட சுமார் 6 கோடியே 80 இலட்சம் அச்சானது, இன்றும் வாங்கக் கிடைக்கிறது. ஸ்டான்லி கிப்பன்ஸ் போன்ற விலைப்பட்டியல்களில் காணும் தொகை, நல்ல நிலையிலுள்ள முத்திரையை வியாபாரி விற்கும் விலை. நீங்கள் விற்கப் போனால் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வந்த ஆறு பென்ஸ். 1859இன் மங்கிய ரோஜா நிற நான்கு பென்ஸ், ஓரப்பல் இல்லாதது, உலகமே தேடும் அரும்பொருள். அப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது காட்டினால், பல் உள்ள சாதாரண முத்திரையின் ஓரத்தை வெட்டிச் செய்த போலியா என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்கள் பேணியில் விலை ஏறக்கூடியவை போர் முடிந்த கையோடு மலாயாவிலிருந்து வந்த உறைகளும் பழைய படத் தபாலட்டைகளும்தான். அவற்றையும் முதலில் வந்து கேட்பவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தப் படத் தபாலட்டைகளின் வயதை நீங்களே ஓரளவு கணிக்கலாம். தபாலட்டை 1869இல் ஒஸ்திரியா-ஹங்கேரியில் தொடங்கியது. ஆரம்பத்தில் பின்புறம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே; செய்தி எழுதுபவர்கள் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுதினார்கள். பின்புறத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பாதியில் செய்தி எழுத பிரித்தானியா 1902இல் அனுமதித்தது; அமெரிக்கா 1907இல்தான். ஆகவே கோடில்லாத அட்டை பெரும்பாலும் அதற்கு முந்தையது. உருப்பெருக்கியில் படம் சிறு புள்ளிகளாக உடைந்தால் அச்சகப் படம். புள்ளியே இல்லாமல் ஒரே சீராக இருந்தால் உண்மையான புகைப்படத் தாள், அது அரிது. இலங்கைக் காட்சிகளில் 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தின் பெயர் அடிக்கடி வரும்.

புதிதாகச் சேர்க்க விரும்பும் மகளுக்கு என் ஒரே வேண்டுகோள்: ‘உலக முத்திரைகள்’ என்று மலிவாக விற்கும் பொட்டலங்களில் தொடங்க வேண்டாம். அஜ்மான், புஜேரா, உம் அல் குவைன் என்று 1960, 70களில் பளபளப்பாக அச்சான பெரும்பாலான முத்திரைகள் தபாலில் பயணம் செய்யவே இல்லை, சேகரிப்பவர்களிடம் விற்கவே அச்சிடப்பட்டவை. அவளுடைய உலகப் படம் உங்கள் உறவுகளிலிருந்தே விரியட்டும். ரொறன்ரோ, ஒஸ்லோ, சூரிச் என்று இருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை வையுங்கள்: தபாலகத்தில் இயந்திரச் சீட்டு ஒட்டாமல் நினைவு முத்திரை வாங்கி ஒட்டி, கையால் முத்திரை குத்தச் சொல்லி அனுப்ப வேண்டும். வரும் உறைகளில் ‘ஹெல்வெட்டியா’ என்றால் சுவிஸ், ‘நோர்க’ என்றால் நோர்வே, ‘சுவோமி’ பின்லாந்து, ‘மஜார்’ ஹங்கேரி என்று அவளே கண்டுபிடிப்பாள். நாட்டின் பெயரே இல்லாமல் அரசரின் அல்லது அரசியின் தலை மட்டும் இருந்தால் பிரித்தானியா. முத்திரையைத் தொடங்கிவைத்த நாடு என்பதால் அந்தச் சலுகை.

உள்ளூரிலும் ஒரு கோடு பிடிக்கலாம். நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலருக்கு 1971இல் இலங்கையும், திருவள்ளுவருக்கும் பாரதிக்கும் 1960இல் இந்தியாவும் முத்திரை வெளியிட்டன. தமிழோடு தொடர்புள்ள முத்திரைகள் என்று ஒரு தனி அல்பம் தொடங்கினால் அது ஆயுளுக்கும் போதும். புதிய வெளியீடுகளுக்கும், வெளியீட்டு நாளன்றே முத்திரை குத்திய முதல்நாள் உறைகளுக்கும் கொழும்பிலுள்ள தபால் திணைக்களத்தின் முத்திரைப் பணியகத்தைக் கேளுங்கள்.

முன்பின் தெரியாத நாட்டவர்களோடு தபாலட்டை மாற்ற, 2005இல் போர்த்துக்கல்லில் தொடங்கிய ‘போஸ்ட்குரொசிங்’ ஏற்பாடு உண்டு. உங்களுக்குத் தரப்படும் ஒரு முகவரிக்கு நீங்கள் அனுப்பினால், வேறொரு நாட்டிலிருந்து வேறொருவர் உங்களுக்கு அனுப்புவார். மகள் சிறியவள் என்பதால் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் பார்வையில் இருக்கட்டும்.

மாமனாரின் கடிதங்களை யாருக்கும் காட்டுமுன் குடும்பத்தில் மூத்தவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். அகதி வாழ்வில் எழுதிய கடிதங்களில் அடுத்தவர் அறிய வேண்டாதவையும் இருக்கும். எழுதியவர் யார், அவர் மாமனாருக்கு என்ன முறை, எந்த ஊரில் என்ன வேலை பார்த்தார் என்பதைத் தனித் தாளில் பென்சிலால் குறித்து அந்தந்தக் கவருக்குள் வையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் வயதானவர்களாக இருப்பார்கள். அல்பம் வாங்குவதைப் பிற்போட்டாலும் இதைப் பிற்போட வேண்டாம்.