கேட்டதும் சொன்னதும்: தேவாலயத்திலிருந்து வந்த குரல்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் ‘சோல்’ என்னும் இசைவகைப் பழைய பாடல்களை அண்மையில்தான் கேட்கத் தொடங்கினேன். சொற்களில் பாதிகூடப் புரிவதில்லை. ஆயினும் சில இடங்களில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய இசைக்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? (வாசகர், மதுரை)

பதில்: தேவாலயத்திலிருந்து என்பதே என் உறுதியான எண்ணம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் போதகர் ஒரு வரியைச் சொல்ல, சபையார் அதை ஏற்றுக் கைதட்டலோடும் கூவலோடும் மறுமொழி தருவார்கள்; ஓர் அசையைப் பல சுரங்களில் இழைத்து, குரல் உடையும் எல்லைவரை கொண்டுபோவது அங்கே பிழையன்று, வழிபாட்டின் இயல்பே ஆகும். 1950களில் பாடகர் ரே சார்லஸ் அந்தப் பாடுமுறையை எடுத்து, கடவுளைப் பாடிய இடத்தில் காதலியைப் பாடினார். பக்தர்கள் பலருக்கு அது பொறுக்கவில்லை. ‘சோல் ஸ்டிரர்ஸ்’ என்னும் காஸ்பல் (கிறிஸ்தவ பக்திப் பாடல்) குழுவில் புகழ்பெற்றிருந்த சாம் குக், 1957-இல் அக்குழுவை விட்டுக் காதல் பாடல்களுக்கு வந்தார். பாடகி அரீதா ஃபிராங்க்ளினோ, டெட்ராய்ட் நகரில் தம் தந்தை போதகராக இருந்த நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சிறுமியாகவே தனித்துப் பாடியவர்.

இவர்கள் பாடுவதைச் ‘சாட்சி சொல்லுதல்’ என்றே நான் கேட்கிறேன். ஒருவர் தம் துயரைச் சொல்கிறார். பின்னணிக் குரல்களும் ஊதுகருவிகளும் சபையாராக இருந்து ‘ஆம், நாங்களும் அறிவோம்’ என்கின்றன. அந்தச் சபையில் தங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதில் அமர்வதற்கு மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: மோட்டவுன், ஸ்டாக்ஸ் ஆகிய இரு இசைத்தட்டு நிறுவனங்களின் பாடல்களும் என் காதுக்கு வேறு வேறாக ஒலிக்கின்றன. காரணம் என்ன? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தங்கள் காது சரியாகவே கேட்கிறது. டெட்ராய்டில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்திருந்த பெரி கோர்டி, குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று 1959-இல் மோட்டவுனைத் தொடங்கினார். தொழிற்சாலையில் கண்ட ஒழுங்கைப் பாட்டுக்கும் கொண்டுவந்து, எந்தப் பாடல் வெளிவர வேண்டும் என்பதைக் கூட்டம் கூட்டித் தேர்ந்தார். அதனால் அப்பாடல்களில் ஒரு மெருகு உண்டு. அந்த மெருகைக் குறையாகச் சொல்வோர் மோட்டவுன் வாத்தியக் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரை (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார்) மட்டும் ஒருமுறை தனியே கவனித்துக் கேட்க வேண்டும். பாடலுக்குள்ளேயே இன்னொரு பாடல் ஓடுவது தெரியும்.

மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ், பழைய திரையரங்கு ஒன்றில் இயங்கியது. இருக்கைகளை அகற்றிய பின்னும் தரை சரிவாகவே இருந்தது. அந்தக் கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்வதே அரிதாயிருந்த ஊரில், அந்நிறுவனத்தின் வாத்தியக் குழுவில் இரு இனத்தவரும் இருந்தனர். ஊதுகருவிகள் வாசிக்க வேண்டியதை ஸ்டாக்ஸ் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் தம் வாயாலேயே பாடிக் காட்டுவார். அதனால் அவருடைய பாடல்களில் ட்ரம்பெட்டுகூட அவர் குரலின் நீட்சியாகவே ஒலிக்கிறது. 1967 டிசம்பர் 10 அன்று, 26 வயதில், அவர் விமான விபத்தில் இறந்தார். இறுதி நாள்களில் பதிவுசெய்த ‘தி டாக் ஆஃப் தி பே’ பாடலுக்குக் கடலலையின் ஓசையைப் பின்னர் சேர்த்து முடித்தவர், உடன் எழுதிய கிட்டார் கலைஞர் ஸ்டீவ் குரோப்பர். பாடல் முடிவில் ரெட்டிங் சீட்டியடித்தபடி அகன்று செல்லும் அந்தச் சில நொடிகளை என்னால் இன்றும் வேறு வேலை செய்துகொண்டே கேட்க முடிவதில்லை.

கேள்வி: முதலில் எதைக் கேட்கலாம்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஒரே பாடலை இருவர் குரலில் கேளுங்கள். ‘ரெஸ்பெக்ட்’ பாடலை 1965-இல் எழுதிப் பாடியவர் ஓட்டிஸ் ரெட்டிங்; உழைத்து வீடு திரும்பும் ஆண் தனக்கு மரியாதை கேட்கும் பாடல் அது. 1967-இல் அரீதா அதையே பெண்ணின் குரலாக்கி, தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரித்து, தம் சகோதரிகளைப் பின்னணியில் பாடவைத்தார். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். அரீதாவைக் கேட்ட பிறகு பாடலை வேறெவருடையதாகவும் எண்ணுவது கடினம். அவ்வாண்டு மான்டெரே இசைவிழா மேடையில், ஒரு பெண் இந்தப் பாடலைத் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார் என்று ரெட்டிங்கே சொல்லிவிட்டுத்தான் பாடத் தொடங்கினார்.