லெஃப்ஸாவும் சப்பாத்தியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில், மினியாபொலிஸில் வசிக்கிறேன். உடன் வேலை செய்பவர் அழைத்து, நார்வே வம்சாவளியினரின் லுத்தரன் தேவாலய விருந்துக்குப் போனேன். லூட்டஃபிஸ்க் மீன் ஜெல்லி போல வழுக்கியது. லெஃப்ஸா என்பது உப்புச்சப்பில்லாத சப்பாத்தி. நார்வேயிலேயே இதையெல்லாம் விட்டுவிட்டார்களாமே, இவர்களுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? அடுத்த மாதம் லெஃப்ஸா சுட உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம்மூர்ப் பலகாரம் ஏதாவது செய்து எடுத்துப் போகலாமா?

ரா.

அன்புள்ள ரா.,

நார்வேயில் விட்டுவிட்டார்கள் என்று யார் சொன்னது? கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் அங்கே உணவகங்களில் லூட்டஃபிஸ்க்குக்காகவே கூட்டம் வரும். உப்பில்லாமல் காற்றில் காய்ந்த காட் மீனை நாட்கணக்கில் ஊறவைத்து, சாம்பல் நீர் போன்ற காரநீரில் போட்டு, மறுபடி தண்ணீர் மாற்றி மாற்றிக் காரத்தைப் போக்கி எடுப்பது அது. உள்ளே அவ்வளவும் நீர். சமைக்குமுன் உப்புத் தூவிச் சற்று வைத்தால் நீர் விட்டுச் சதை இறுகும். உப்பை மறந்தாலோ பத்து நிமிடம் கூட வைத்தாலோ ஜெல்லிதான். முகம் சுளித்தீர்கள், சரி.

ஆனால் லெஃப்ஸாவைச் சப்பாத்தி என்றீர்களே, அதை விட முடியாது. சப்பாத்தியில் கோதுமையைப் பிசையப் பிசைய வலு ஏறும். லெஃப்ஸா உருளைக்கிழங்கில் செய்வது, பிசைந்தால் கெட்டது. எவ்வளவு குறைந்த மாவில் கிழங்கைக் கிழியாமல் நிறுத்துகிறோம் என்பதே அங்கே வித்தை. கிழங்கு ஈரம் குறைந்த, மாவுப்பாங்கான ரஸெட் வகையாக இருக்க வேண்டும். புதுக்கிழங்கில் ஈரம் அதிகம். வேகவைத்து, வடித்து, சூட்டோடு இடியாப்பம் போலப் பிழிய வேண்டும். மத்தால் மசித்தால் பசையாகும். பிழிந்த கிழங்கு 4 கப்புக்கு வெண்ணெய் 4 மேசைக்கரண்டி, கிரீம் கால் கப், சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. ஆவி அடங்கும்வரை மூடாதீர்கள். மூடினால் வியர்த்து அந்த நீர் கிழங்கிலேயே இறங்கும். இரவு முழுக்கக் குளிரட்டும்.

மைதாவை மறுநாள் உருட்டப்போகும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும், 1 முதல் 1½ கப். முன்கூட்டியே கலந்து வைத்தால் மாவு இளகி, பலகையில் ஒட்டி, இன்னும் மாவு கேட்கும். அப்படி அள்ளி அள்ளிப் போட்டதுதான் ஆறியதும் தோலாகிவிடும். நீங்கள் சப்பாத்தி என்று நினைத்துத் தின்றது அதுவாகத்தான் இருக்கும்.

துணி போர்த்திய வட்டப் பலகையில், வரிவரியாகக் கீறிய உருளைக் கட்டையால், அடியில் துணி நிழலாடும் அளவுக்குத் தேய்க்கிறார்கள். தட்டையான நீளக் குச்சியை நடுவில் நுழைத்துத் தூக்கி, 260 டிகிரி செல்சியஸ் கல்லில் விரிக்கிறார்கள். எண்ணெய் கிடையாது. பழுப்புப் புள்ளி விழுந்ததும் திருப்பி, எடுத்து, துண்டுக்குள் அடுக்குகிறார்கள். அந்தப் புழுக்கத்தில்தான் அது மடிக்கும் பதத்துக்கு வரும். கல்லில் சூடு குறைந்தால் புள்ளி விழுமுன்னே காய்ந்து நொறுங்கும்.

பிடிவாதம் என்கிறீர்கள். நார்வேயில் 18ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கைப் பயிரிடச் சொல்லி ஊர் ஊராகப் பேசியவர்கள் பாதிரிமார்கள். ‘உருளைக்கிழங்குப் பாதிரி’ என்றே அவர்களுக்குப் பெயர். 1825இல் அந்நாட்டின் ஸ்டாவாங்கரிலிருந்து குடியேறிகளின் முதல் கப்பல் அமெரிக்காவுக்குக் கிளம்பியது. பின்னால் போனவர்கள் கட்டிய தேவாலயங்களில் முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து வழிபாடு ஆங்கிலத்துக்கு மாறியது. உங்கள் ஊர் மின்டெகிர்க்கென் தேவாலயம், 1922இல் தொடங்கியது, இன்றும் நார்வேஜிய மொழியில் வழிபாடு நடத்துகிறது. அப்படி நின்றவை மிகச் சில. மற்ற இடங்களில் பாட்டி பேசிய மொழி பேத்திக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கிழங்கு இன்றைக்கு எவ்வளவு மாவு கேட்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும். அது கிழங்கின் ஈரத்தைப் பொறுத்தது, எந்தச் சமையல் குறிப்பிலும் எழுத முடியாது, பக்கத்தில் நின்றுதான் பழக வேண்டும். அந்தப் பக்கத்தில்தான் உங்களையும் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். புரிகிறதா?

பலகாரமெல்லாம் பிறகு. வீட்டில் இடியாப்பம் பிழியும் அச்சு இருந்தால் எடுத்துக்கொண்டு முந்தின நாள் மாலையே போங்கள். கிழங்கு பிழிவது அன்றைக்குத்தான்.