அந்த மனிதர் ஏன் தலைத்துணியோடு இருக்கிறார்?

கேள்வி: ஐயா, படிவம் 4-இல் காட்சிக்கலை படிக்கும் என் மகள், ஷார்தேன் என்ற பிரெஞ்சு ஓவியர் 1771-இல் தம்மையே வரைந்த படத்தை அச்செடுத்து வந்தாள். தலையில் துணி, மூக்கு நுனியில் கண்ணாடி. "படம் எழுதிக்கிறப்பவாவது நல்லதா உடுத்தக் கூடாதா?" என்கிறார் என் மாமியார். அதில் அப்படி என்ன பெருமை?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் மாமியார் சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறார். அக்காலப் பாரிசில் படம் எழுதிக்கொள்ள உட்காருகிறவர்கள் பொய்முடியும் பட்டுமாக வருவார்கள். ஷார்தேனுக்கு அதற்கு வக்கில்லாமல் இல்லை. அரச ஓவியக் கழகத்தின் பொருளாளர் அவர். ஆனாலும் எழுபது தாண்டிய வயதில், வேலைக் கோலத்திலேயே தம்மை வரைந்தார்.

வாழ்நாளெல்லாம் செப்புப் பாத்திரம், ரொட்டி, குடல் கிழித்துத் தொங்கவிட்ட திருக்கை என்று அடுப்படிப் பொருள்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர். கழகமோ அந்த வகை ஓவியத்தைக் கடைசிப் படியில் வைத்திருந்தது. முதுமையில் உடம்பு ஒத்துழைக்கவில்லை, பார்வையும் மங்கியது. எண்ணெயை விட்டுப் பாஸ்டலுக்கு மாறினார். இது மகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் புஞ்சோ டப்பாவில் இருக்கும் எண்ணெய்ப் பாஸ்டல் அல்ல. உலர்ந்த வண்ணத்தூளைக் கோலாகத் திரட்டியது; தொட்டால் கையோடு வரும்.

கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் கன்னத்தைப் பாருங்கள். நிறங்களைத் தேய்த்து மழுப்பவில்லை. கோடு கோடாக அடுத்தடுத்து இழுத்திருக்கிறார். சற்றுத் தள்ளிப் பிடித்தால் அதுவே தளர்ந்த தோலாகிவிடும். கண்ணைப் பாருங்கள்: கண்ணாடி வழியாகப் பார்க்காமல் அதற்கு மேலாக நம்மைப் பார்க்கிறார். கண்ணாடி தாளுக்கு, வெறுங்கண் எதிரே உள்ள முகத்துக்கு. வரைகிறவன் தலை தூக்கும் அந்த நொடி அப்படியே பிடிபட்டிருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த காலத்தில் பிள்ளைகள் எல்லா முகத்தையும் ஸ்டூடியோப் புன்னகையோடுதான் வரைவார்கள். நான் அவர்களுக்குக் காட்ட நினைத்ததெல்லாம் இந்தப் படத்தில் இருக்கிறது.

1775-இல் இன்னொன்று வரைந்தார். அதில் கண் கூச்சத்தைத் தடுக்க நெற்றியில் ஒரு மறைப்பும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் செசான் 1904-இல் இளம் ஓவியர் எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் படத்தைத்தான் நினைவூட்டுகிறார். நவீன ஓவியத்தின் மூத்தவர் ஒருவர் இன்னும் அதிலிருந்து கற்றுக்கொண்டிருந்தார்! இரண்டும் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. மகள் தன் கோப்பில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, நான்கு ஆண்டுகளில் கோடுகள் எப்படி மாறியிருக்கின்றன என்று எழுதட்டும். ஆசிரியர் கேட்பதைவிட நல்ல குறிப்பாக அது அமையும்.